பின்னோக்கிப் பன்னிரண்டு மாதங்கள்

அன்று காலை அறையில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் என் அத்தான் சங்கிலிப்பாண்டி. அவருக்குப் பக்கத்தில், கட்டிலின் விளிம்பில், என் அக்கா பாக்கியலக்ஷ்மி. கதவை ஒட்டி அவர்கள் மகன் இசக்கிராஜா நின்றுகொண்டிருந்தான். ஏலூர் உரத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தான். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. அத்தானின் காலடியில், தரையில் விரித்த பாயில், டாக்டர் லதீஃபா. அவருக்கென்று அடுத்த வீட்டில் இரவல் வாங்கிப் போட்ட நாற்காலி காலியாகக் கிடந்தது. சமையலறை வாசலில் முக்காலி போட்டு நான். மூன்று கால் ஸ்டாண்டில் டாக்டருடைய போன். மீதி நாற்பது சொச்சம் பேர் டிவிக்குள் இருந்தார்கள்.

அவர்கள் டாக்டருக்குப் படிக்கும் மாணவர்கள். கேரளத்தின் பல கல்லூரிகளிலிருந்து, அவரவர் ஹாஸ்டல் அறையிலும் வீட்டுத் திண்ணையிலும் இருந்தபடி, முதியோர் மருத்துவம் என்கிற பாடத்தை ஆன்லைனில் லதீஃபாவிடம் படிக்கிறார்கள். அந்தப் பாடத்துக்கு ஆசிரியர்கள் குறைவாம். அதனால் பல கல்லூரிக்கும் சேர்த்து ஒரே வகுப்பு. மாதத்தில் ஒரு நாள் படம் காட்டி நடத்துவதை விட்டுவிட்டு, லதீஃபா ஏதாவது ஒரு முதியவரின் வீட்டுக்குப் போய் அங்கிருந்து வகுப்பு எடுப்பார். அந்த மாதம் கொச்சியில், கொச்சங்காடியில் இருக்கும் அக்காவின் வீடு.

"ஆஸ்பத்திரிக்கே இவரை வரச் சொல்லியிருக்கலாமே டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"அங்க அவர் வெறும் கட்டில் நம்பர் அண்ணே. அவர் யாருன்னு வீட்டுலதானே தெரியும்? இத்தனை பேரை உங்க மாடிப்படி தாங்காது, அதான் இப்படி" என்று சிரித்தார். லதீஃபா மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவர். நான் கணக்கும் கடிதமும் எழுதிக்கொண்டிருந்த மிளகு குடோனின் முதலாளி நஜ்முதீனின் தங்கை. அவர்கள் வீட்டில் இன்றும் தமிழ்தான்.

டாக்டர் எதற்காக வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அத்தான் மட்டாஞ்சேரி மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருந்தவர். கணக்கெல்லாம் மனதிலேயே போடுவார், தாளில் எழுதி யாரும் கண்டதில்லை. அப்படிப்பட்ட மனிதர் கடந்த சில மாதங்களாக மாறிக்கொண்டே போனார். பகலெல்லாம் தூக்கம். சாயங்காலம் விளக்கு வைத்ததும் எழுந்து, கடையைப் பூட்டாமல் வந்துவிட்டேன் என்று வேட்டியை மடித்துக் கட்டுவார். கடையை விற்று ஆண்டுகள் ஆகிவிட்டன. குளியலறையில் விழுந்தார். நாக்கு உலர்ந்து பேச்சு குழறியது. ஒரு நாள் சாயங்காலம் இசக்கிராஜாவைப் பார்த்து, "ஆரு நீங்க? சேட்டனுக்கு எந்தா வேணும்?" என்று கடைக்கு வந்த ஆளிடம் கேட்கிற மாதிரி கேட்டார். அன்றைக்கு அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

காட்டிய இடத்தில் எல்லாம், "வயசாச்சே, இப்படித்தான்" என்றார்கள். தென்காசிப் பக்கத்தில் புத்தி தடுமாறிய முதியவர்களை வைத்துப் பார்க்கும் இல்லம் ஒன்று உண்டு. இசக்கிராஜா போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சுத்தமாக இருக்கிறது, தமிழ் பேசுகிறவர்கள் கவனிக்கிறார்கள், ஒரு கட்டில் காலியாகிறது, அவருக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்; ஆனால் நோயாளியை மட்டும்தான் சேர்ப்பார்கள். துணைக்கு மனைவி தங்க முடியாது. உண்டா இல்லையா என்று கடிதத்தில் தெரிவிக்க வேண்டும்.

"நம்மால முடியலம்மா. எனக்கு நைட் ஷிஃப்ட் வரும்போது நீ ஒத்தையில என்ன செய்வே? விழுந்து இடுப்பு எலும்பு ஒடிஞ்சா?" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அக்காவும் அவனைத் தப்பாகச் சொல்லவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏ தம்பி, அவிய மலைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கமா? இதுக்கா அம்புட்டு வருசம் சேர்ந்து கெடந்தோம்?" என்று மட்டும் கேட்டாள். அன்றே நான் நஜ்முதீனிடம் பேசினேன்.

டிவியைப் பார்த்ததும் அத்தானுக்கு முதலில் சந்தேகம்.

"என்னலே மாப்ள இது? கேலண்டர் மாதிரி கட்டம் கட்டமா ஆளு இருக்கு."

"படிக்கிற பிள்ளைங்க அத்தான். உங்களைப் பார்க்க வந்திருக்காங்க."

"என்னைப் பார்க்கவா? நான் என்ன அம்மன் கோயில் கொடையா?"

டிவிக்குள் சில கட்டங்கள் சிரித்தன. லதீஃபா பாயில் இருந்தபடியே நிமிர்ந்து மாணவர்களைப் பார்த்துப் பேசினார். "நான் ஏன் கீழே உட்கார்ந்திருக்கேன்? இவர் தலை கொஞ்சம் குனிஞ்சே இருக்கு. நாற்காலியில உட்கார்ந்தா என் முகம் இவருக்குத் தெரியாது. முகம் தெரியாத ஆள்கிட்ட யாரு மனசு விட்டுப் பேசுவா?" என்று மலையாளத்தில் சொன்னார். பிறகு, "என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு, புதுசா சேர்ந்தவங்களுக்காக இன்னொரு தடவை. கேள்வி கேட்டாச்சுன்னா பதில் வர்ற வரைக்கும் யாரும் பேசக்கூடாது. நானும்தான்."

போனைத் தாழ்த்தி வைத்து அத்தானை எழுந்து கதவு வரை நடந்து திரும்பி வந்து உட்காரச் சொன்னார். அவர் நாற்காலியின் கையைப் பிடித்து, ஒரு தடவை முயன்று, பின்னால் சரிந்து, மறுபடி முயன்று எழுந்தார். இசக்கிராஜா தாங்கப் போனான். வேண்டாம், கூடவே நட, பிடிக்காதே என்று லதீஃபா கையால் காட்டினார். அத்தான் நடந்தார். பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடந்தார். டிவியில் இருந்த அத்தனை முகங்களும் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் குடோனில் எத்தனையோ பெரிய மனிதர்கள் வந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் நாலு தப்படி நடப்பதை இத்தனை பேர் இமைக்காமல் பார்த்து நான் கண்டதில்லை.

பிறகு ஷாஹிர் என்கிற மாணவன் கேட்பதற்கு முறை வந்தது. கண்ணாடி போட்ட, சுறுசுறுப்பான பையன். "அப்பூப்பா, மாசங்களெ பின்னோட்டு ஒன்னு பறயாமோ?" என்றான். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வது ஒரு சோதனையாம். மனம் ஒரு இடத்தில் நிற்கிறதா, சிதறுகிறதா என்று அதில் தெரியுமாம்.

அத்தான் விழித்தார். அக்கா குனிந்து காதில் சொன்னாள்: "ஏங்க, இந்த மாசத்துலேர்ந்து பின்னால பின்னால சொல்லணுமாம்."

"அது எதுக்கு? போன மாசம் விக்காத பழத்தையா இப்ப விக்கப் போறோம்?"

"சொல்லுங்களேன், பிள்ளைக கேக்குது."

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை பிடித்திருந்தது. "துலாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கன்னி." பிறகு, "சிங்ஙம்." இங்கே மாதங்களை ராசிப் பெயரால்தான் சொல்வார்கள், ஷாஹிர் தலையாட்டிக் குறித்துக்கொண்டான். அடுத்தது வந்தது: "ஆடி."

ஷாஹிரின் பேனா நின்றது.

"மிதுனம்" என்றார் அத்தான். "இடவம்." அதோடு நின்றுவிட்டார். வாய் திறந்திருந்தது. கை மடியில் எதையோ எண்ணுவது போல அசைந்தது. இசக்கிராஜா ஒரு அடி முன்னால் வந்தான், வார்த்தை அவன் நாக்கு நுனியில் இருந்தது. லதீஃபா திரும்பாமலே உள்ளங்கையை உயர்த்தினார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அந்த மௌனத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மழை ஓட்டின்மேல் விழுகிற சத்தம். தெருவில் ஒரு ஸ்கூட்டர். டிவிக்குள் நாற்பது இளைஞர்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊரில், ஒரு கிழவரின் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். ஒருவன் கூட முகத்தைத் திருப்பவில்லை. ஒரு பெண் கன்னத்தில் கை வைத்திருந்தாள். அந்தக் கையை எடுத்தால் சத்தம் வருமோ என்று பயந்தவள் போல அப்படியே இருந்தாள். கோயிலில் திரை விலகும் முன்னால் கூட்டம் அடங்குமே, அது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன, ஒருத்தரும் அசையக் காணோம்? படம் நின்னுபோச்சா?" என்றார் அத்தான்.

யாரும் சிரிக்கவில்லை. சட்டம்.

"சித்திரை" என்றார் அவர், திடீரென்று. அதற்குப் பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல்: "பங்குனி. கும்பம். மகரம். தனு. விருச்சிகம். அம்புட்டுத்தான், அப்புறம் துலாத்துக்கே வந்துரும்."

லதீஃபா வகுப்பைப் பார்த்தார். "ஷாஹிர்?"

"மேடம், ஆத்யம் சரியாயிருந்நு. பின்னே ஆகெ மிக்ஸ் ஆயிப்போயி. ரெண்டு பாஷையும் கலங்கி" என்றான் ஷாஹிர். முதலில் சரியாக இருந்தது, பிறகு எல்லாம் குழம்பிவிட்டது என்று. பல தலைகள் ஆமாம் என்று அசைந்தன. இசக்கிராஜா தரையைப் பார்த்தான். அக்கா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நானும் மனதுக்குள் தென்காசிக்குக் கடிதம் எழுதத் தொடங்கிவிட்டேன்.

அப்போது மூலையில் ஒரு கட்டத்தில் மைக் திறந்தது. தங்கதுரை என்று பெயர் போட்டிருந்தது. இடக்கொச்சியில் மீன் கம்பெனியில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன் என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

"மேடம், வரிசை தப்பல" என்றான். தமிழில் ஆரம்பித்தவன் மலையாளத்துக்குத் தாவினான். "கர்க்கடகம்தான் எங்க வீட்டுல ஆடி. மேட மாசம்தான் சித்திரை. மீனம்தான் பங்குனி. பேரை மட்டும் மாத்திப் பாருங்க. பன்னிரண்டும் இருக்கு. ஒண்ணுகூட இடம் மாறல."

டிவிக்குள் விரல்கள் எண்ணத் தொடங்கின. நானும் முக்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். துலாம், கன்னி, சிம்மம், கடகத்துக்குப் பதில் ஆடி... சரி. எல்லாம் சரி. ஷாஹிர் கண்ணாடியைக் கழற்றி, "ஸோரி அப்பூப்பா" என்றான்.

"எதுக்கு ஸோரி? காசு கொறைச்சுக் குடுத்தியா?" என்றார் அத்தான்.

"ஆனா மூணு மாசத்துக்கு மட்டும் ஏன் தமிழ்ப் பேரு?" என்று லதீஃபா கேட்டார். அத்தானைத்தான் கேட்டார். அவருக்கு அதற்குள் கண் செருகியிருந்தது. அக்காதான் பதில் சொன்னாள்.

"அது கடைக்காரன் கணக்கு டாக்டரம்மா. கடை திறந்திருக்கிற மாசமெல்லாம் அவியளுக்கு மலையாளம். சிங்ஙத்துல ஓணம், விருச்சிகத்துல சபரிமலைக்குப் போறவுக பழம் வாங்குவாக. கடையைச் சாத்திட்டு ஊருக்குப் போற மாசம் மட்டும் தமிழ். ஆடிக்குத் தபசு, சித்திரைக்குக் கொடை, பங்குனிக்குச் சாஸ்தா கோயில். எங்க மார்க்கெட்டுல நம்ம ஆளுக எல்லாருமே இப்படித்தான் சொல்லுவாக. கலக்கமெல்லாம் ஒண்ணும் இல்ல."

லதீஃபா மாணவர்களைப் பார்த்து, "சாயங்காலம் பெத்த மகனையே தெரியாதவர், காலையில பன்னிரண்டு மாசத்தையும் பின்னாலிருந்து சொல்றார். நடுவுல நழுவினார், தானே ஏறி வந்தார். இது மெல்ல மெல்லத் தேயுற மறதி மாதிரி இருக்கா, ஏறி இறங்குற கலக்கம் மாதிரி இருக்கா?" என்று கேட்டார்.

"ஏறி இறங்குது" என்று பல குரல்கள்.

"ஏறி இறங்கினா?"

"காரணம் தேடணும்."

"எங்கே தேடுவீங்க?"

அடுத்து வந்த கேள்வியைச் சொல்லத்தான் நான் இதை எழுத வந்தேன் என்று சொல்லலாம். கன்னத்தில் கை வைத்திருந்த அந்தப் பெண், ஸுப்ரியா, மைக்கைத் திறந்தாள். மெல்லிய குரல். ரத்தமா, மூளையா என்று எதையும் கேட்கவில்லை. "அம்மே, நாட்டில் போகும்போள் அவிடெயும் ஒரு டாக்டர் உண்டோ?" என்று கேட்டாள். ஊருக்குப் போகும்போது அங்கேயும் ஒரு டாக்டர் உண்டா?

"உண்டே" என்றாள் அக்கா. "எங்க ஊரு டாக்டரு. கல்யாணமான புதுசுலேர்ந்து அவருகிட்டதான். போயிட்டு அவரைப் பார்க்காம வந்தா கோவிச்சுக்கிடுவாரு. பங்குனிக்குப் போனப்ப, கால் எரிச்சல், தூக்கமில்லன்னு சொன்னதுக்கு மாத்திரை குடுத்தாரு. நாந்தான் சாயங்காலம் காப்பியோட குடுக்கேன்."

இசக்கிராஜா நிமிர்ந்தான். "கால் எரிச்சலுக்கா? அதுக்கு இங்கத்தெ டாக்டர் குடுத்த மாத்திரையெ நான் ஷிஃப்டுக்கு எறங்கும்போ குடுக்குறேனே."

"நீ குடுக்கது பிரஷர் மாத்திரைன்னுல்ல நெனச்சேன்?"

"நீ குடுக்கது சத்து மாத்திரைன்னு நான் நெனச்சேன்."

"ரெண்டு பேரோட மருந்தையும் கொண்டு வாங்க" என்றார் லதீஃபா.

அக்கா தன் துணிப்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். இசக்கிராஜா தன்னுடைய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்தான். ஒரு வீட்டுக்குள், ஒரு மனிதருக்கு, ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு மருந்துக் கடை நடந்துகொண்டிருந்தது. லதீஃபா ஒவ்வொரு அட்டையாகப் போனுக்கு முன்னால் பிடித்தார். மாணவர்கள் வாசித்தார்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பெயரை அவர்கள் வாசிக்கவில்லை. அதற்குக் கீழே எறும்பு ஊர்வது போல இருக்கும் எழுத்தை வாசித்தார்கள். அதுதான் உண்மையான மருந்தின் பெயராம். பச்சை அட்டை ஒன்று, நீல அட்டை ஒன்று.

"மேடம், அது ரெண்டும் அடுத்தடுத்துக் காணிக்காமோ?" என்றாள் ஸுப்ரியா.

சேர்த்துப் பிடித்தார். நாற்பது முகங்களும் ஒரே சமயத்தில் முன்னால் குனிந்தன. காற்றில் வயல் சாய்வது மாதிரி இருந்தது எனக்கு.

இரண்டும் ஒரே மருந்து. கம்பெனி வேறு, நிறம் வேறு, பெயர் வேறு. நரம்பு எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் கொடுப்பது. வயதானவருக்கு அதில் ஒரு பங்கே அதிகம், இவர் இரண்டு பங்கு விழுங்கிக்கொண்டிருந்தார். போதாததற்குச் சளிக்கு என்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையும் அதே குணமுள்ளதாம். நாக்கு உலர்வது, மலச்சிக்கல், பகல் தூக்கம், அந்தி மயக்கம், விழுவது, எல்லாம் இதனால் வரும் என்று மாணவர்கள் ஒவ்வொருவராகச் சொல்ல, லதீஃபா விரலை மடக்கிக்கொண்டே போனார்.

அக்காவுக்கு அழுகை வந்தது. "நாங்களே விஷம் குடுத்துட்டோமா?"

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. நீங்க ஒரு வேளைகூட தவற விடல, அதான் இவ்வளவும். ரெண்டு டாக்டரும் எழுதினது தப்பில்ல. ஒருத்தருக்கு இன்னொருத்தர் எழுதினது தெரியாது" என்றார் லதீஃபா. பிறகு இசக்கிராஜாவைப் பார்த்து, "ஒண்ணு சொல்லிடறேன். இதை ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். ரெண்டு டாக்டர்கிட்டயும் நானே பேசுறேன். நிஜமான மறதியும் இவருக்குக் கொஞ்சம் இருக்கலாம். இந்தப் புகை அடங்கினாதான் தெரியும். நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

அவன் இரவல் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

டிவி அணைவதற்கு முன்னால் மாணவர்கள் ஒவ்வொருவராகக் கும்பிட்டார்கள். கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. தங்கதுரை மட்டும் கடைசி வரை இருந்தான். "வாரேன் தாத்தா" என்றான். அத்தான் கண்ணைத் திறந்து, "கதவைச் சாத்திட்டுப் போ" என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது அற்புதம் என்று எழுத ஆசைதான். ஆனால் உள்ளதைத்தான் எழுத வேண்டும். முதல் வாரம் அவர் தூக்கமில்லாமல் எரிந்து விழுந்தார். இசக்கிராஜா, "மாமா, இது சரியாகும்னு தோணலை" என்றான். தென்காசி இல்லத்திலிருந்து போன் வந்தது. மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும், வேறு ஒரு குடும்பம் காத்திருக்கிறது என்றார்கள். இரண்டாவது வாரம் பகல் தூக்கம் குறைந்தது. நாக்கு ஈரமானது. மீன் குழம்பில் புளி போதவில்லை என்று அத்தான் குற்றம் சொன்னபோது அக்கா சமையலறையில் வந்து என்னிடம், "ஏசுதாவ தம்பி, பழையபடி ஏசுதாவ" என்று சிரித்தாள்.

பிறகு ஒரு சாயங்காலம். விளக்கு வைத்தாகிவிட்டது. நான் இருந்தேன், அக்கா இருந்தாள். நாங்கள் இருவருமே அந்த நேரத்துக்குப் பயப்படப் பழகியிருந்தோம். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இசக்கிராஜா உள்ளே வந்து, வழக்கம்போல அப்பாவின் கண்ணில் படாமல் சுவரோரமாக ஒதுங்கிப் போகப் பார்த்தான்.

"லே ராசா."

அவன் நின்றான்.

"என்னத்துக்குத் திருடன் மாதிரி போற? உரத்து நாத்தம் வீடு பூராவும் அடிக்கி. குளிச்சிட்டு வா, சேர்ந்து சாப்பிடுவோம்."

அவன் குளிக்கப் போகவில்லை. அங்கேயே, அப்பாவின் காலடியில், டாக்டர் உட்கார்ந்த அதே உயரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். அத்தான் அவன் தலைமயிரைக் கலைத்தார். "சீவ மாட்டியாலே?" என்றார். கடையை விற்றது அவருக்கு இன்னும் நினைவில்லை. மறுநாள் காலை சாவி எங்கே என்று கேட்டார். அது போகாது, அதோடுதான் இருக்க வேண்டும் என்று லதீஃபா அடுத்த வகுப்பில் மாணவர்களுக்கும் எங்களுக்கும் சேர்த்தே சொன்னார். இரவு ஷிஃப்ட் வரும் வாரங்களில் நான் அங்கே படுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். குளியலறையில் பிடித்துக்கொள்ள இசக்கிராஜா கம்பி அடித்தான்.

கடிதம் எழுதும்போது அவன்தான், "மாமா, நீங்க எழுதுங்க. எனக்குத் தமிழ்ல கூட்டெழுத்து வராது. ஆனா கையெழுத்து நான் போடுறேன்" என்றான். நான் இடமும் தேதியும் போட்டு, பெரியவர் சங்கிலிப்பாண்டியை நாங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றும், இத்தனை நாள் இடம் ஒதுக்கி வைத்ததற்கு நன்றி என்றும், காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தக் கட்டிலைக் கொடுக்கலாம் என்றும் எழுதினேன். வாசித்துக் காட்டினேன்.

"இன்னும் ஒரு வரி போடு தம்பி" என்றாள் அக்கா.

"என்ன?"

"அங்க வாரவுகளுக்கு எத்தன டாக்டரு, யார் யார் மருந்து குடுக்காகன்னு மொதல்ல கேக்கச் சொல்லு. எல்லா மருந்தையும் ஒண்ணாக் கொட்டிப் பார்க்கச் சொல்லு."

"ஏக்கா, அவங்க இல்லத்துக்கு நாம புத்தி சொல்லணுமா?"

"சொன்னா என்ன, அடிச்சிருவாகளா?"

போட்டேன். இசக்கிராஜா கையெழுத்திட்டான். அத்தான் எட்டிப் பார்த்து, "ஆருக்குக் காயிதம்?" என்றார். "தென்காசிக்கு அத்தான்." "நல்லா இருக்கேன்னு எழுது" என்றார். உறையில் பசை காய்ந்திருந்தது. அக்கா ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்த்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து என்னிடம் கொடுத்தாள். மழை விட்டிருந்தது. தபாலாபீஸ் வரை நடந்து போய், எடைபோட்டு, ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டிக்குள் போட்டேன்.